மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்: கேள்வி பதில்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், ஓட்டுரிமை பெறுவதற்காக வாசிக்கச் சொல்லிக் கொடுக்கக் கறுப்பினப் பெண்கள் நடத்திய குடியுரிமைப் பள்ளிகளைப் பற்றியும், அதில் முதல் பாடம் நடத்தியவர் ஒரு பியூட்டி பார்லர்காரர் என்றும் போன வாரம் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஓட்டுப் போடுவதற்கு எதற்குப் பள்ளிக்கூடம்?

பட்டியலில் பெயர் ஏற வேண்டுமே தம்பி. தெற்கு கரோலைனாவில் பதிவு அலுவலகத்துக்குப் போனால், மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டி, 'வாசி' என்பார்கள். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத கறுப்பின மக்களை வெளியே நிறுத்த அது போதும். சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஜான்ஸ் தீவு இருக்கிறது. அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி நகரத்து வேலைக்குக் கொண்டு போய் விடுவார். பஸ்ஸில் வந்த ஒரு பெண், எனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள், நான் ஓட்டுப் போட வேண்டும் என்று கேட்டார். ஆரம்பம் அதுதான்.

டென்னசியில் இருந்த ஹைலேண்டர் என்ற பயிற்சிப் பள்ளி கடன் கொடுத்தது. தீவு மக்கள் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, முன்னால் கூட்டுறவு மளிகைக் கடை போட்டார்கள். வகுப்பு பின்னால் இருந்த அறைகளில். யார் பார்த்தாலும் சாமான் வாங்க வந்த கூட்டம் என்றுதான் தோன்றும். 1957 ஜனவரி 7 அன்று 14 பேரோடு முதல் வகுப்பு நடந்தது.

கேள்வி: பாடம் நடத்தியவர் பியூட்டி பார்லர்காரர் என்று எழுதியிருந்தீர்கள். நிஜமாகவா?

நிஜம்தான். பெர்னிஸ் ராபின்சன். தலைமுடி அலங்காரமும் தையலும் அவருக்குத் தொழில். 'நான் டீச்சர் இல்லையே' என்று முதலில் மறுத்திருக்கிறார். அவர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவருடைய உறவினர் செப்டிமா கிளார்க். டீச்சர் என்றால் படிக்காதவர்களை ஒரு படி மேலே நின்று பார்க்கிற பழக்கம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவரே நாற்பது வருட டீச்சர் என்பதால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு!

இன்னொரு காரணமும் இருந்தது. பார்லருக்கு வருகிறவர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று மிரட்ட எந்த வெள்ளை முதலாளியும் கிடையாது. என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தின் உயிரே இந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

கேள்வி: நான் முதியோர் கல்வியில் வேலை செய்தவள். என்ன பாடப்புத்தகம் வைத்திருந்தார்கள்?

சின்னப் பிள்ளைகளின் புத்தகங்களைத்தான் பெர்னிஸ் முதலில் கொண்டு போனார். பேரன் பேத்தி எடுத்தவர்களிடம் அதை எப்படி நீட்டுவது? ஓரம் கட்டிவிட்டு, 'உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?' என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும், தபாலில் சாமான் தருவிக்கிற பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவையே பாடம் ஆயின.

அட்டையில் அவரவர் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுப்பார். அதன் மேலேயே பென்சிலை ஓட்டி ஓட்டிக் கை பழக வேண்டும். அதுவரை கையெழுத்துக் கேட்டால் பெருக்கல் குறி போட்டவர்கள். நம் ஊர்க் கைநாட்டு மாதிரி. அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர், கரும்பலகையில் இருந்த பெயர்களுக்கு நடுவே தன் பெயரைக் கண்டுபிடித்துக் காட்டியபோது தனக்கு மெய் சிலிர்த்ததாகப் பெர்னிஸ் பின்னாளில் சொன்னார். விவசாய வேலை குறைகிற குளிர்காலத்தில், வாரம் இரண்டு இரவுதான் வகுப்பு.

கேள்வி: செப்டிமா கிளார்க்கை வேலையை விட்டு நீக்கினார்களாமே?

ஆம். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி சங்கத்தில் அரசு ஊழியர் யாரும் இருக்கக் கூடாது என்று 1956-இல் மாநிலம் சட்டம் போட்டது. உறுப்பினர் என்பதை மறைக்க இவர் மறுத்தார். வேலை போயிற்று, பென்ஷனும் போயிற்று. சேர்ந்து எதிர்ப்போம் என்று 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். அதற்காக அவர்களை அவர் திட்டவில்லை. தயார்ப்படுத்தாமல் கூப்பிட்டது தன் தவறு என்றுதான் எடுத்துக்கொண்டார். பென்ஷன் திரும்பக் கிடைத்தது 1976-இல். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது.

கேள்வி: ரோசா பார்க்ஸுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1955 கோடையில் ஹைலேண்டரில் செப்டிமா நடத்திய பயிற்சிக்கு ரோசா வந்திருந்தார். அந்த டிசம்பர் 1 அன்றுதான் மாண்ட்கோமரி நகரத்து பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தார். அப்புறம், பஸ்ஸைப் புறக்கணிக்கச் சொல்லி ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை ராத்திரியோடு ராத்திரியாக சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. இதைப் பலர் சொல்வதே இல்லை.

கேள்வி: இவ்வளவு செய்தும் எல்லாருக்கும் தெரிந்த பெயர் மார்ட்டின் லூதர் கிங் மட்டும்தானே? கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன்.

கோபப்படுங்கள், தப்பில்லை. 1961-இல் இந்தப் பள்ளிகளைக் கிங்கின் அமைப்பு ஏற்றுக்கொண்டது. செப்டிமா அதன் நிர்வாகக் குழுவில் இருந்தார். இந்த அம்மாள் எதற்கு இங்கே என்று கிங்கின் நெருங்கிய தோழர் ரால்ஃப் அபர்நாத்தி திரும்பத் திரும்பக் கேட்பாராம். கிங்தான் பதில் சொல்லி இவருக்காகப் பேசுவார். ஆனால், எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காதீர்கள், உள்ளூர்க்காரர்களை வளர்த்துவிடுங்கள் என்று இவர் எழுதிய கடிதத்தைக் கூட்டத்தில் படித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். இரண்டையும் செப்டிமாவே சொல்லியிருக்கிறார்.

சிரித்தவர்களுக்குப் பதில் களத்தில் கிடைத்தது. மிசிசிப்பியில் பருத்தி பறித்துக்கொண்டிருந்த ஃபேனி லூ ஹேமர் இந்தப் பள்ளிகளுக்கான பயிற்சிக்கு வந்தவர். 1963 ஜூனில் பயிற்சி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது வினோனா என்ற ஊரில் போலீஸ் பிடித்துப் போய்ச் சிறையில் அடித்து நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில், அடி வாங்கிய கதையைச் சொன்னார்; நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

கேள்வி: அந்த மளிகைக் கடை இன்னும் இருக்கிறதா அக்கா?

பழைய கட்டடம் இல்லை. அந்த மக்கள் 1963-இல் புதிதாக ஒன்று கட்டினார்கள். 1989-இல் ஹியூகோ புயல் அதைச் சிதைத்துவிட்டது.