பிளஸ் ஒன் குரூப் தேர்வு: பத்தாம் வகுப்புக் கணக்கில் நன்றாக மார்க் எடுத்த பெண்களும் ஏன் கணிதத்தை விடுகிறார்கள்?

மார்க் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் அட்மிஷன் நடக்கிறது. யோசிக்க நேரமில்லாதபோது பழக்கமான எண்ணமே முந்திக்கொள்ளும். "பொண்ணுக்கு எதுக்கும்மா மேத்ஸ், காமர்ஸ் போதுமே" என்று ஒரு பெரியப்பா சொன்னால் வீட்டில் பேச்சு முடிந்துவிடும்.

தோழிகளின் பங்கு இன்னும் நுணுக்கமானது. சிறு ஊர்களில் ஒரே பஸ்ஸில் துணை இருந்தால்தான் பெண்ணைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்புவார்கள். தோழி எடுக்கும் குரூப்பே இவளுக்கும் அமைவது பல நேரம் பாதுகாப்புக் கணக்கு. இதை விளையாட்டுத்தனம் என்று திட்டுவது அநியாயம். பையன்களுக்கு நேர்மாறான நெருக்கடி: மனையியல், ஆடை வடிவமைப்பு எடுத்தால் வகுப்பே கேலி செய்யும். அதனால் கணக்கு வராதவனும் கம்ப்யூட்டர்-மேத்ஸில் உட்கார்ந்து திணறுகிறான்.

விளைவு பிளஸ் டூ முடிந்த பிறகுதான் தெரியும். பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உயிரியல் இல்லாமல் நீட் வழி மருத்துவம் கிடையாது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் இரண்டு கதவையும் திறந்து வைக்கும், ஆனால் படிப்புச் சுமை கூடும்.

ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே இதைப் பேசத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் விரும்பும் மூன்று பட்டப்படிப்புகளையும் அவற்றுக்குத் தேவையான பாடங்களையும் தனியாக எழுதித் தரட்டும். கைதூக்கச் சொல்லிக் கேட்டால் நண்பர்களின் விருப்பம்தான் வரும். பயணம்தான் தடை என்றால் முதலில் பஸ் துணைக்கு வழி பாருங்கள், பாடத்தை அப்புறம் பேசலாம். தவறான குரூப் என்று தெரிந்தால், வகுப்பு தொடங்கிய முதல் வாரங்களிலேயே தலைமையாசிரியரிடம் மாற்றம் கேளுங்கள். பாடம் ஓடிய பிறகு ஈடுகட்டுவது கடினம்.