ஹார்பர் அண்ணாச்சி பதில்கள்

(தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணாச்சி, என் மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். நாலு வருடமாக ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். "நம்ம ஊரிலேயே கார் பேக்டரி வந்துட்டே, கிளம்பி வா" என்று அவன் அப்பா நச்சரிக்கிறார். வரச் சொல்லலாமா?
– வாசகி, முத்தையாபுரம்

வரச் சொல்லுங்கள் அம்மா. ஆனால் அங்கே கணக்கை முடித்துவிட்டு வேண்டாம். நாலு நாள் லீவு போட்டுவிட்டு வந்து பார்க்கட்டும்.

சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்தே விட்டார்கள். எங்கள் தெரு வாய்க்கால் பாலத்துக்கு அதைவிட அதிக நாள் ஆனது. மொத்தம் 16,000 கோடி ரூபாய் வரை போடுவதாக ஒப்பந்தம், அதில் முதல் கட்டம் 50 கோடி டாலர். வருடத்துக்கு 50,000 மின்சாரக் கார் என்று ஆரம்பித்து ஒன்றரை லட்சம் வரை போகலாம் என்கிறார்கள். மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு வேலை என்பது அறிவிப்பு.

இதில் அவன் அப்பா கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்போதைக்குப் பாகங்களை வெளியிலிருந்து கொண்டுவந்து இங்கே கோக்கிறார்கள். சீட், கண்ணாடி, வயர் செய்கிற சின்னக் கம்பெனிகள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தால்தான் ஃபிட்டருக்குக் கிராக்கி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்தது அதுதான்; உங்கள் மகன் சாப்பிடுவதும் அப்படி வந்த கம்பெனியின் சோறுதானே?

நம் ஊரும் ஒருமுறை அப்படி வளர்ந்திருக்கிறது. 1974-ல் புது ஹார்பர் பெரிய துறைமுகமானது, மறு வருடமே ஸ்பிக் உர ஆலை, 1979-ல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட். நிலக்கரியும் உரத்துக்கான மூலப்பொருளும் கப்பலில் வந்து இறங்க, வேலை ஊருக்குள் வந்தது. கப்பல் வந்து, சரக்கு லாரியில் ஏறி நேரே மதுரை ரோட்டைப் பிடித்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது புழுதியும் டீக்கடை வியாபாரமும்தான்.

ஆக, தம்பி வந்ததும் விசாரிக்க வேண்டியது சம்பளத்தை மட்டும் அல்ல. ஆர்டர் கம்பெனி பெயரிலா, கான்ட்ராக்டர் பெயரிலா? பி.எஃப். யார் கட்டுகிறார்கள்? கான்ட்ராக்டர் என்றால் ஒரகடத்திலேயே இருக்கட்டும்.

ஐம்பது வருடமாக இருக்கிற ஹார்பருக்கு வெளியே இன்னொரு ஹார்பர் எதற்கு? அதற்கு 7,000 கோடியா?
– வாசகர், கோவில்பட்டி

திருப்பூர் பனியன் பெட்டி ஒன்றின் பில் ஆஃப் லேடிங்கை, அதாவது கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதை, கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் இரண்டு கப்பல் பெயர் இருக்கும். ஒரு கட்டத்தில் ஃபீடர் என்கிற சின்னக் கப்பல், இன்னொரு கட்டத்தில் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் பெரிய கப்பல். இரண்டுக்கும் நடுவில் கொழும்பு. நான் அந்த இரண்டு கட்டத்தையும் சரிபார்த்தே தலை நரைத்தவன். பெரிய கப்பல் உள்ளே வர நம் ஆழம் பற்றாது. அதனால் பெட்டி ஒரு ராத்திரி கடல் தாண்டிக் கொழும்பில் இறங்கி, அங்கே காத்திருந்து மறுபடி ஏறுகிறது. அந்தக் கூலியும் காத்திருக்கும் நாளும் ஏற்றுமதி செய்கிறவர் தலையில். வெளித் துறைமுகத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியது இதற்காகத்தான்.

வ.உ.சி. 1906-ல் 25 ரூபாய்ப் பங்கு 40,000 என்று பத்து லட்சம் முதலுக்குத் திட்டம் போட்டுத் தொடங்கிய கம்பெனியின் கப்பல் ஓடியதும் கொழும்புக்குத்தான். அவர் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கட்டினார். நாம் இன்னும் அதே கொழும்பில் வரிசையில் நிற்கிறோம்.

2018-ல் ஆலை வேண்டாம் என்று போராடிய ஊர், இப்போது ஆலைக்கு மாலை போடுகிறதே?
– வாசகர், திருநெல்வேலி

தூத்துக்குடிக்காரன் ஆலையை வெறுத்தவன் இல்லை ஐயா. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததுகூடக் கூலிக்கும் வார விடுமுறைக்கும்தான், மில்லை மூடச் சொல்லி அல்ல. 2018-ல் மக்கள் எதிர்த்தது ஒரே ஒரு தாமிர ஆலையை, காற்றும் தண்ணீரும் கெடுகிறது என்று. மே 22, 23 துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனது. அதற்கப்புறம் எந்தக் கம்பெனி வந்தாலும் "எத்தனை கோடி" என்பதற்கு முன்னால் "கழிவு எங்கே போகும்" என்று கேட்கப் பழகிவிட்டோம். அதைக் கேட்டுவிட்டு மாலை போட்டால் தப்பா?

ஏர்போர்ட்டில் புது டெர்மினல் வந்துவிட்டதால் வாகைக்குளம் பக்கம் மூன்று சென்ட் வாங்கலாமா அண்ணாச்சி?
– வாசகர், சாத்தான்குளம்

மனை விற்கிறவர் நீட்டும் நோட்டீஸில் ஏர்போர்ட், பேக்டரி, ஹார்பர் மூன்றும் ஒரு விரல்கடை தூரத்தில்தான் இருக்கும். சித்திரை வெயிலில் ஒரு மதியம் டூ வீலரில் போய் இறங்குங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, லாரித் தண்ணீர் என்ன விலை என்று கேளுங்கள். அட்வான்ஸை அப்புறம் எடுக்கலாம்.