ஈ.சி.ஜி. நல்லா இருக்கு, நெஞ்சுதான் படபடக்குது

கேள்வி: வயது 36. கணவர் கனடாவில், ஸ்பொன்சர் அலுவல் இழுபடுகிறது. நானும் பிள்ளைகளும் அம்மாவோடு இருக்கிறோம். மூன்று மாதமாக, இரவு அவரோடு கதைத்துவிட்டுப் படுத்தால் திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், விரல்கள் விறைக்கும், சாகப்போகிறேன் என்றே தோன்றும். இரண்டு தரம் ஈ.சி.ஜி. எடுத்தும் 'ஒன்றுமில்லை' என்றார்கள். அம்மா வாயு என்கிறா. இது இருதய வருத்தமா, மனவருத்தமா?
- பெயர் வேண்டாம், சுன்னாகம்

பதில்: தங்கச்சி, அந்த 'ஒன்றுமில்லை' எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றுமில்லாமல் விரல் விறைக்குமா?

பயத்தில் நாம் வேகமாக மூச்சு விடுவோம். அப்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் குறைந்துபோகும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் விறைப்பது, தலை சுற்றுவது எல்லாம் அதனால்தான். மூச்சுக் காணாது என்று இன்னும் இழுத்து இழுத்து விட, விறைப்பு இன்னும் கூடும். நம்மூரில் பதகளிப்பு என்கிறோமே, அது முற்றிய நிலை. தொடங்குவது பயத்தில் என்றாலும் நடப்பது உடம்பில். நீங்கள் நடிக்கவில்லை.

பதகளிப்பு சடாரென்று வந்து, 10 நிமிடமளவில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரைமணிக்குள் அடங்கிவிடும். சும்மா இருக்கும்போதும் வரும். இருதய நோவு அநேகமாக வேலை செய்யும்போது, ஏறி நடக்கும்போது வந்து, இருந்தால் குறையும். மாரடைப்பு என்றால் இருந்தாலும் குறையாது. நெஞ்சை அமத்துவது போல நோவு, இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும், குளிர்ந்து வியர்க்கும். ஆனால் பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நோவே இல்லாமல் மூச்சுத்திணறலும் சத்தியும் களைப்புமாக வருவதுண்டு. அதனால், வழமைக்கு மாறாக வந்தால், அல்லது 15 நிமிடத்தில் தணியத் தொடங்காவிட்டால், வீட்டில் இருந்து ஆராய வேண்டாம். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போகாதீர்கள்.

அடுத்தது, இரத்தப் பரிசோதனை. தைரொயிட் அதிகமாகச் சுரந்தாலும் படபடக்கும், கை நடுங்கும், மெலிவீர்கள். மாதவிடாய் அதிகம் போகிறவர்களுக்கு இரத்தசோகையாலும் வரும். ஈ.சி.ஜி. அந்த நேரத்துத் துடிப்பை மட்டுமே காட்டும். படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால் சில துடிப்புக் கோளாறுகள் அகப்படாது. 24 மணிநேரப் பதிவு தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமாவுக்கு) சல்பியூட்டமோல் மருந்து பாவித்தால் அதையும் சொல்லுங்கள், அதாலும் படபடக்கும். தேயிலையும் அப்படித்தான். பின்னேரம் எத்தனை பிளேன் ரீ குடிக்கிறீர்கள் என்பதை, உண்மையாக, எண்ணிப் பாருங்கள்.

இதெல்லாம் ஒருமுறை ஒழுங்காகப் பார்த்து முடிந்ததா? சரி, அப்புறம் காரணமில்லாமல் மூன்றாவது, நான்காவது ஈ.சி.ஜி.க்கு ஓடாதீர்கள். அது இரண்டு நாளைக்கு நிம்மதி தரும், பிறகு சந்தேகம் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். உங்களுக்குக் கிட்டத்தில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 'விசர் ஆசுபத்திரி' என்று ஊர் கதைத்தால் கதைக்கட்டும். பேச்சுச் சிகிச்சையால் பதகளிப்பு நன்றாகக் குறையும். மருந்து தந்தால் பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும், பாதியில் விடாதீர்கள். பக்கத்து வீட்டு அன்ரியின் நித்திரைக் குளிசை மட்டும் வேண்டாம். இரவில் அவசரமாகக் கதைக்க வேண்டுமென்றால் உளநல உதவி இலக்கமான 1926க்கு எடுக்கலாம்.

ஸ்பொன்சர் விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தொலைபேசியை வைத்த பிறகுதான் படபடக்கிறது என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வரும் நேரம், எவ்வளவு நேரம் நின்றது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று ஒரு கொப்பியில் இரண்டு கிழமை எழுதிக் கொண்டுபோங்கள்.

அம்மாவின் 'வாயு'வையும் தள்ளிவிட முடியாது. பிந்திச் சாப்பிட்டவுடன் படுத்தால் இரைப்பை அமிலம் மேலே வந்து நெஞ்சு எரியும், அந்த எரிவே பயத்தைக் கிளப்பிவிடும். அழைப்பு வரும்வரை சாப்பாட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள் என்றால், நாளையிலிருந்து பிள்ளைகளோடு ஏழரைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.