சந்தேகம் யார் மேல் விழவேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2009 பெர்லின் உலகத் தடகளப் போட்டி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்த அந்த இரவைப் பெரும் மகிழ்ச்சியுடன் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி வாய்க்கவில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதம். டைசன் கே, யோகன் பிளேக், அசாஃபா பவல், ஜஸ்டின் காட்லின் என்று அவரை ஒட்டி ஓடியவர்களின் பட்டியலைப் பார்த்தால், எல்லோருமே எப்போதாவது ஊக்கமருந்துக்காகத் தடைபெற்றவர்களாக இருக்கிறார்கள். அத்தனை பேரையும் மருந்தைத் தொடாத ஒருவர் வென்றார் என்று நம்பப் பெரிய மனம் வேண்டும். "ஒருமுறைகூடச் சோதனையில் சிக்கியதில்லை" என்ற வாதத்தையோ, சோதனைகளைக் கடந்துவந்து பின்னாளில் மருந்தை ஒப்புக்கொண்ட மேரியன் ஜோன்ஸுக்குப் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

என் மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளி அணியில் 200 மீட்டர் ஓடுகிறாள். என்னோடு அமர்ந்து போட்டிகளைப் பார்க்கும்போது, "அப்பா, இவங்களும் ஏதாவது எடுத்திருப்பாங்களா?" என்று கேட்கிறாள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். இப்படிச் சந்தேகப்படுவது தவறா? பார்ப்பதையே நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இருமுறை வாசித்தேன். நீங்கள் குறிப்பிடும் பட்டியலைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரியாவது நான் எழுதியிருக்கவேண்டும். தெரிந்தேதான் விட்டேன். அந்த இரவின் மேல் நிழல் விழவேண்டாம் என்று ஆசைப்பட்டேன். அது வாசகருக்கு நான் வைத்த குறை, ஒப்புக்கொள்கிறேன்.

சந்தேகம் எனக்குப் புதிதல்ல. 1988 செப்டம்பர் 24 அன்று சியோல் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதிப்போட்டியில் கனடாவின் பென் ஜான்சன் 9.79 விநாடியில் ஓடியபோது நான் பள்ளி மாணவன். கோட்டைத் தொடும் முன்பே ஒரு கையை உயர்த்தி விரலை வானுக்கு நீட்டியபடி அவர் ஓடிய அந்தக் கடைசி அடிகளை இன்றும் என்னால் கண்முன் கொண்டுவர முடியும். மூன்றே நாளில், அவருடைய சிறுநீரில் ஸ்டானோசொலால் என்ற ஸ்டீராய்டு இருந்தது என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அதற்கடுத்த ஆண்டு கனடாவில் நீதிபதி டூபின் தலைமையில் நடந்த விசாரணையில்தான் முழுக்கதையும் வெளிவந்தது. 1981 முதலே ஜான்சன் ஸ்டீராய்டு எடுத்துவந்திருக்கிறார். அத்தனை ஆண்டுகளும் சோதனைகளைக் கடந்தும் வந்திருக்கிறார். மருந்து தரும் நன்மை ஏறக்குறைய ஒரு மீட்டர் என்றும், அதை மறுப்பவன் மற்றவர்களுக்கு ஒரு மீட்டர் பின்னால் நின்று ஓடத் தொடங்குவதற்குச் சமம் என்றும் அவருடைய பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் கணக்குச் சொன்னார். அன்று இறுதிப்போட்டியில் ஓடிய எட்டுப் பேரில் கால்வின் ஸ்மித், ராப்சன் ட சில்வா இருவரைத் தவிர மற்ற அறுவரின் பெயரும் அப்போதோ பின்னரோ ஏதோ ஒரு வகையில் ஊக்கமருந்து விவகாரத்தில் அடிபட்டது.

ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. சோதனை ஏன் இவ்வளவு பேரைத் தவறவிடுகிறது என்பதையும் சற்று விளக்கமாகவே சொல்லவேண்டும். விரைவோட்ட வீரருக்கு ஸ்டீராய்டு முதன்மையாக உதவுவது பந்தய நாளில் அல்ல. பந்தயத்துக்குப் பல மாதங்கள் முன்பு. கடும் எடைப்பயிற்சிக்குப் பின் உடல் தேறுவதற்கு ஆகும் நாட்களை அது குறைக்கிறது. அதனால் மற்றவர்களைவிட அதிகமாகவும் அடிக்கடியும் பயிற்சி செய்ய முடிகிறது. அப்படிச் சேர்ந்த தசை, மருந்தை நிறுத்திய பிறகும் எளிதில் கரைந்துவிடுவதில்லை. போட்டிக்கு வரும்போது சிறுநீர் சுத்தமாக இருக்கும். எனவே போட்டிக்களத்துச் சோதனையில் சிக்குபவர் பெரும்பாலும் கணக்கில் பிழை செய்தவர்தான். 2011இல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பங்கேற்ற வீரர்களிடம், பதிலளிப்பவர் யாரென்று ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாத முறையில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. முந்தைய ஓராண்டில் ஊக்கமருந்து எடுத்தவர்கள் ஏறக்குறைய 44 விழுக்காடு என்று அது மதிப்பிட்டது. பிழைகளுக்கு இடம்கொடுத்துக் குறைத்தாலும் 30 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. சோதனைகளில் சிக்குவோரோ பொதுவாக ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு.

இதுவரை உங்களோடு வருகிறேன். இதற்கு அடுத்த அடியில்தான் பிரிகிறேன். பத்தில் நான்கு பேர் என்று ஓர் ஆய்வு சொன்னால், எதிரில் நிற்கும் இந்த ஒருவர் அந்த நால்வரில் ஒருவரா, மீதி அறுவரில் ஒருவரா என்று அந்த எண்ணிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. ஓடிய நேரமும் சாட்சி சொல்லாது. ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988 ஜூலையில் இண்டியானாபொலிஸில் ஓடிய 10.49 விநாடியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றும் பெண்கள் 100 மீட்டரின் உலக சாதனை அதுதான். எல்லோரும் அதை மருந்தின் அடையாளமாகவே பேசுகிறார்கள். ஆனால் அவர் ஓடிய அதே நேரத்தில், அருகே மும்முறைத் தாண்டுதல் களத்தில் இருந்த காற்றளவி விநாடிக்கு 4.3 மீட்டர் காற்றைக் காட்டியது. ஓட்டப்பாதையின் கருவியோ சுழியம் காட்டியது. இரண்டு மீட்டருக்குமேல் பின்காற்று வீசினால் சாதனை செல்லாது. அந்த நேரத்தில் பெரும்பங்கு காற்றுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் ஒரு சோதனையிலும் சிக்கியதில்லை. 1998இல், 38 வயதில், உறக்கத்தில் வந்த வலிப்பில் இறந்தார். அதையும்கூடச் சிலர் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். இறந்த ஒரு பெண்ணின் உடலை அப்படிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் பொறுக்கமுடியவில்லை.

சுத்தமாக ஓடும் ஒருவர் தன்னை நிரூபிப்பதற்குச் செய்வதை அருகிலிருந்து பாருங்கள். முன்னணி வீரர் ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எந்த இடத்தில் இருப்பேன் என்று ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கவேண்டும். சோதனை அதிகாரி சொல்லாமல் வந்து கதவைத் தட்டலாம். வந்தபின் அவர் வீரரை விட்டு அகலமாட்டார். அதே பாலைச் சேர்ந்த ஒருவர் உள்ளே நின்று, சிறுநீர் உடலிலிருந்து வெளிவருவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்காகச் சட்டையை மேலே தூக்கி, கீழுடையை முழங்கால்வரை இறக்கி நிற்கவேண்டும். குறைந்தது 90 மில்லி வேண்டும். வராவிட்டால் தண்ணீர் குடித்துக் காத்திருக்கவேண்டும், சிலநேரம் மணிக்கணக்கில். பிறகு வீரரே தன் கையால் அதை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி மூடுகிறார். மூடி திருகத் திருகக் 'கிளிக் கிளிக்' என்று ஒலித்து இறுகும். அதன்பின் உடைக்காமல் திறக்கமுடியாதபடிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பதினேழு பதினெட்டு வயதிலேயே தொடங்கி, ஆண்டுக்கணக்கில் இதற்கு உட்பட்ட ஒருவரிடம் நாம் சொல்வது, "இதெல்லாம் எதையும் நிரூபிக்காது" என்பதுதான். அது உண்மையும்கூட. அந்த உண்மையின் கொடுமை என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

அமெரிக்காவின் கிறிஸ்டியன் கோல்மன் 2019இல் 100 மீட்டரில் உலக வாகையர் ஆனார். அதே ஆண்டு டிசம்பரில் அதிகாரி வந்த நேரத்தில் அவர் வீட்டில் இல்லை, கடையில் இருந்தார். ஓராண்டில் மூன்றாவது தவறு அது என்பதால் தடைபெற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கை இழந்தார். அவர் மருந்து எடுத்தார் என்று எவரும் நிறுவவில்லை. விதி சரியானது என்றே நினைக்கிறேன். மருந்தை மறைப்பவர் முதலில் செய்வது கதவைத் திறக்காமல் இருப்பதுதானே. ஆனாலும் 'தடைபெற்றவர்கள்' என்று நாம் போடும் ஒரே பட்டியலில் அவரும் ஜான்சனும் ஒன்றாக வருவது சரியா என்று யோசியுங்கள். பிளேக் 2009இல் பெற்றது ஓர் ஊக்கிக்காக மூன்று மாதத் தடை. காட்லின் 2006இல் டெஸ்டோஸ்டிரோனுக்காகப் பெற்றது நான்கு ஆண்டு. உங்கள் பட்டியலில் இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன.

என் சந்தேகம் இப்போது ஓடுபவரின் உடலைவிட்டு அவரைச் சுற்றி நிற்பவர்கள்மேல் நகர்ந்துவிட்டது. பெரிய மோசடிகள் எப்படி வெளிவந்தன என்று பாருங்கள். கலிஃபோர்னியாவின் பால்கோ நிறுவனம் விற்ற டிஎச்ஜி என்ற ஸ்டீராய்டை அன்று எந்தச் சோதனையும் அறியாது. 2003இல் டிரெவர் கிரகாம் என்ற பயிற்சியாளர் அந்த மருந்து ஒட்டியிருந்த ஊசி ஒன்றை அதிகாரிகளுக்கு அனுப்பிய பிறகே அது இன்னதென்று பிரித்தறியப்பட்டது. மேரியன் ஜோன்ஸ் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது விசாரணை நெருக்கியதால். 2002இல் 9.78 விநாடியில் ஓடிய டிம் மான்ட்கோமரியின் சாதனை எந்தச் சோதனையிலும் சிக்காமலே, ஆவணங்களாலும் சாட்சியாலும் நீக்கப்பட்டது. ஊசியை அனுப்பிய கிரகாமும் பின்னால் குற்றவாளியாக நின்றார்.

கிழக்கு ஜெர்மனியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலங்கும். மரிட்டா கோக் 1985இல் 400 மீட்டரை 47.60 விநாடியில் ஓடிய சாதனை இன்றும் நிற்கிறது. அவரும் சோதனையில் சிக்கியதில்லை. ஆனால் அந்த அரசே ஒரு திட்டமாக வைத்து வீராங்கனைகளுக்கு ஓரல் டுரினாபோல் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தது என்பது பெர்லின் சுவர் வீழ்ந்த பின் கிடைத்த ஆவணங்களில் இருக்கிறது. நீல நிற மாத்திரை, விட்டமின் என்று சொல்லிப் பயிற்சியாளரே கொடுப்பார். வாங்கி விழுங்கியவர்களில் பலர் உங்கள் மகளின் வயதினர். குரல் உடைந்தது, கல்லீரல் கெட்டது, கரு தங்கவில்லை. இனெஸ் கெய்பல் என்ற விரைவோட்ட வீராங்கனை, 1984இல் தன் சங்கத்தின் 4x100 மீட்டர் தொடரோட்ட அணி படைத்த, சங்க அணிகளுக்கான சாதனையிலிருந்து தன் பெயரை நீக்கும்படி பின்னாளில் தானே கேட்டார். சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி வந்தது.

இனி போல்ட். அவருக்கு எதிராக எந்தச் சான்றும் இல்லை. ஆகவே குற்றம் என்ற சொல்லை அவர் பெயரோடு சேர்க்கமாட்டேன். ஆனால் ஜமைக்காவின் ஊக்கமருந்துத் தடுப்பு ஆணையம், லண்டன் ஒலிம்பிக்குக்கு முந்தைய ஐந்து மாதங்களில் போட்டிக்கு வெளியே ஒரே ஒரு சோதனைதான் செய்தது என்று அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ரெனீ ஆன் ஷெர்லி 2013இல் எழுதினார். பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு தனியாகச் சோதித்துவந்தது என்றாலும், சொந்த ஆணையம் அப்படி உறங்கியது தன் வீரர்களுக்கு அது செய்த அநீதி. சுத்தமானவருக்கு இருந்திருக்கக்கூடிய ஒரே துணையை அது பறித்துவிட்டது. 2008 பெய்ஜிங் தொடரோட்டத் தங்கத்தைப் போல்ட் இழந்தது, சேமித்து வைத்திருந்த அணித்தோழர் நெஸ்டா கார்ட்டரின் மாதிரியைப் பல ஆண்டு கழித்து மறுசோதனை செய்தபோது. ஆக, பெர்லின் ஓட்டத்தைப் பற்றி என்னால் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: அது நிகழ்ந்தது, எனக்கு அது பிடித்திருந்தது, அதற்கு எதிராக நான் எதையும் அறியேன்.

பார்ப்பதை நிறுத்தவேண்டாம் என்பதே என் விருப்பம். நாம் விலகினால் நட்டம் மருந்து உண்டவருக்கு அல்ல. 1988இல் நான்காவதாக வந்து, மேடையேறாமலே வெண்கலத்துக்கு உரியவரான கால்வின் ஸ்மித்தைப் போன்றவர்களைப் பிறகு யார்தான் பார்ப்பார்கள்? சிட்னி 2000 பெண்கள் 100 மீட்டரின் பட்டியலை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். ஜோன்ஸின் தங்கம் பறிக்கப்பட்டது. இரண்டாவதாக வந்த கேத்ரினா தானு 2004இல் சோதனையைத் தவிர்த்த விவகாரத்தில் சிக்கியவர் என்பதால் அவருக்கும் அது தரப்படவில்லை. தங்கத்துக்குரிய இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

அவள் கேட்கும்போது பேச்சை மாற்றாதீர்கள். "எனக்குத் தெரியாதும்மா, ஆனா தெரிஞ்சுக்க என்னென்ன செய்றாங்கன்னு சொல்றேன்" என்று அந்தப் புட்டிகளிலிருந்து தொடங்குங்கள். பதினான்கு வயதுக்கு அது நன்றாகவே புரியும். அதோடு இன்னொன்று. பிரிட்டனின் சிஜே உஜாவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் அவருடைய அணி டோக்கியோ தொடரோட்ட வெள்ளியை இழந்தது. அவர் வேண்டுமென்று எடுக்கவில்லை, கலப்படமான சத்துப்பொருளால் வந்தது என்பதை விசாரித்தவர்களே ஏற்றார்கள். பயிற்சியாளரோ மூத்த வீராங்கனையோ சத்துப் பொடி, விட்டமின், வலிக்கு மாத்திரை என்று எதைக் கொடுத்தாலும், வாயில் போடும் முன் டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் அதை வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

அன்புடன்.