குளங்கள், தலைப்புகள், உள்தள்ளல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நம் மாவட்டத்துக் குளங்களைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வருகிறேன். தாலுகா, கிராமம், குளம், மடை என்று ஒவ்வொரு படிக்கும் நாலு ஸ்பேஸ் உள்ளே தள்ளி எழுதுவது வழக்கம். பேரன், வரித் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தலைப்பு வைக்கச் சொல்கிறான். வைத்துப் பார்த்தேன். மடைக்குத் துணைத்தலைப்பு போட்டு எழுதிவிட்டு, மறுபடி குளத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் அதுவும் மடைக்குள் போய்விடுகிறது. உள்தள்ளலில் இந்தத் தொல்லை இல்லை. எதை வைத்துக்கொள்ளலாம்?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லும் குறை உண்மைதான். நட்சத்திரமானாலும் மார்க்டவுன் என்ற எழுத்துமுறையின் # குறியானாலும் ஆழத்தைச் சொல்வது தலைப்பு வரி மட்டுமே. பத்திக்கு அடையாளம் எதுவும் கிடையாது. மேலே கடைசியாக வந்த தலைப்புக்கு அது சொந்தம். கிளைச் சானலில் (வாய்க்காலில்) திரும்பிய தண்ணீர் பெரிய சானலுக்கு ஏறி வராது அல்லவா, அப்படித்தான். முடிவுக்கு ஒரு குறி வைக்கலாமே என்று தோன்றும். 2003இல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்காக எழுதத் தொடங்கிய, நட்சத்திரத் தலைப்பு வைக்கும் ஆர்க்-மோடில் அதுவும் உண்டு: பத்திகளுக்கு நடுவே செருகும் பணிக்குறிப்பை 15 நட்சத்திரத்தில் தொடங்கி, இன்னொரு 15 நட்சத்திரமும் ‘எண்ட்’ என்ற சொல்லும் போட்டு முடிக்கலாம். வேலை நடக்கும். ஆனால் வாசிக்கிறவர் கண்ணை உறுத்தும். வெறும் எழுத்தாகவே வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தானே டெக்ஸ்ட் ஃபைலுக்கு வந்தோம்?

உள்தள்ளலில் ஒவ்வொரு வரியும் தன் இடத்தைச் சுமக்கிறது. நடுவில் ஒரு படி சேர்த்தால் கீழே உள்ள எல்லா வரியும் நகர வேண்டும். நட்சத்திரத்தில் தலைப்புகள் மட்டும் மாறும். பழைய பதிப்போடு ஒப்பிட்டால் உள்ளே தள்ளிய வரிகள் எல்லாமே மாறியதாகத் தெரியும், நீங்கள் திருத்திய ஒரு சொல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். மின்னஞ்சலில் ஒட்டும்போது முன்னால் உள்ள ஸ்பேஸ் போய்விட்டால், எது எதற்குள் இருந்தது என்பதே போய்விடும். உங்கள் இத்தனை நாள் உழைப்பை அப்படி ஒன்றை நம்பி விடக்கூடாது.

ஆகவே என் யோசனை: குளம் வரைக்கும் நட்சத்திரம், மடைகளுக்குச் சிறு பட்டியல். ஆர்க்-மோடில் பட்டியல் உள்தள்ளலால்தான் இயங்குகிறது. பட்டியல் முடிந்து இடது ஓரத்தில் பத்தி தொடங்கினால் அது குளத்துக்கே திரும்பிவிடும். அதோடு, அப்படித் திரும்பி வரும் இரண்டு வரியைப் பெரும்பாலும் மடைகளுக்கு முன்னாலேயே எழுதிவிடலாம்.

ஆனால் உங்கள் ஃபைலில் இதைவிடப் பெரிய சிக்கல் தாலுகா என்ற முதல் படி. 1956இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இருந்தவை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. பிற்பாடு கல்குளத்திலிருந்து திருவட்டாறும், விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் பிரிந்தன. குளங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சரி, சானலை முதல் படியாக்கலாம் என்றால், சானல் தாலுகா எல்லை பார்த்து ஓடுவதில்லை. ஒரு குளத்தின் மறுகால் இன்னொரு குளத்தை நிரப்புவதும் உண்டு. மரம்போல் அடுக்கினால் ஒரு குளத்துக்கு ஒரே தாய்தான் இருக்க முடியும்.

ஒன்றை அதன் அடுக்கை வைத்து அடையாளம் சொல்லலாமா என்ற இந்தக் கேள்வி குறளிலும் உண்டு. நாம் சொல்லும் குறள் எண் பரிமேலழகர் வைப்புமுறையில் வந்தது. மணக்குடவர் உரையில் வரிசை வேறு. எண்ணை மட்டும் எழுதி வைத்தால் ஒரு உரையாசிரியரின் அடுக்கோடு கட்டிப்போட்டதாகும். ‘அகர முதல’ என்று எழுதினால் எந்த உரையிலும் தேடி எடுத்துவிடலாம்.

குளத்தை முதல் படியாக்குங்கள். தலைப்பில் குளத்தின் பெயர், பக்கத்திலேயே ஊர்ப்பெயர். புதுக்குளம் என்ற பெயர் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடும். வரிசை எண் வேண்டாம். அதன் கீழே ‘தாலுகா:’, ‘சானல்:’, ‘மறுகால் சேருமிடம்:’ என்று தனித்தனி வரி. இரண்டு சானல் என்றால் இரண்டு வரி. ‘சானல்: அனந்தனார்’ என்று தேடினால் அத்தனை குளமும் வரும், எந்த எடிட்டரிலும். எழுத்துக்கூட்டல் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். நாளை தாலுகா இன்னும் பிரிந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.