கணப்புக்கு ரிமோட்: இரண்டே ஒயர், வீட்டு லைன் கிட்டேயே வரக்கூடாது

கேள்வி: நாங்கள் மதுரை அண்ணாநகர். போன வருஷம் கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் ஒரு வீடு வாங்கினோம். முன்பு இருந்தவர் அமெரிக்காவில் இருந்து வந்தவர், கேஸில் எரிகிற ஃபயர்பிளேஸ், அதாவது கணப்பு ஒன்றை அங்கிருந்தே கொண்டுவந்து ஹாலில் பதித்திருக்கிறார். அதை எரிய வைக்க அடியில் இருக்கிற தகட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு ஒரு சின்ன சுவிட்சைத் தட்ட வேண்டும். அப்பாவுக்கு 74 வயது, முட்டித் தேய்மானம், குனிய முடியாது. அதனால் ஆன்லைனில் ஒரு ரிமோட் செட் வாங்கிவிட்டேன். எங்கள் எலக்ட்ரீஷியன், "சுவிட்ச் பாக்ஸில் இருந்து ஒரு லைன் இழுத்துக் கொடுத்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா? இன்னொன்று, சில நாள் காலையில் சுவிட்சைத் தட்டினாலும் தீ வருவதில்லை, ஏன்?

பதில்: லைன் எதுவும் இழுக்க வேண்டாம். அந்த எலக்ட்ரீஷியனுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் மேல் தப்பில்லை, மதுரையில் கணப்பு வைத்திருக்கிற வீட்டை அவர் எங்கே பார்த்திருப்பார், சுவிட்ச் என்றாலே 230 வோல்ட் என்றுதான் கை பழகியிருக்கும். ஆனால் உங்கள் கணப்பின் அடியில் இருக்கிற அந்தச் சின்ன சுவிட்சில் வீட்டுக் கரண்டு ஒரு சொட்டுகூட ஓடவில்லை.

தகட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் தீ எந்நேரமும் எரிந்துகொண்டிருக்குமே, அதுதான் பைலட். அந்தத் தீ தொடுகிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குச்சி நிற்கும், அதன் பெயர் தெர்மோபைல். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டவைத்து அந்த ஒட்டைச் சூடாக்கினால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும், அப்படிப் பல ஜோடிகளைக் கோத்துச் செய்ததுதான் அந்தக் குச்சி. பைலட் நன்றாக எரிந்தால் அது 500 முதல் 750 மில்லிவோல்ட் வரை தரும். சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற ஒரு பென்சில் செல்லே 1500 மில்லிவோல்ட், இது அதில் பாதியைத் தாண்டாது. இந்தத் துளி மின்சாரத்தால்தான் கேஸ் வால்வு திறக்கிறது. சுவிட்ச் செய்கிற வேலை அந்தப் பாதையைச் சேர்ப்பதும் பிரிப்பதும் மட்டுமே. நீங்கள் வாங்கிய ரிமோட் செட்டில் ஒரு ரிசீவர் பெட்டி இருக்கும், அதுவும் அதே வேலையைத்தான் செய்யப் போகிறது. அதற்குள் போடுகிற நாலு செல்லும் அதன் உள்ளே இருக்கிற ரிலே என்ற தானியங்கிச் சின்ன சுவிட்சை அசைக்க மட்டும்தான், வால்வுக்குப் போவதில்லை.

230 வோல்ட்டை இதற்குள் விட்டால் வால்வின் சுருள் ஒரு நொடியில் கருகிவிடும். சில வருஷம் முன்பு மலையில் ஒரு தங்கும் விடுதிக்கு இப்படித்தான் கூப்பிட்டார்கள். போய்த் திறந்தால் வால்வு கருகிக் கிடக்கிறது, மாற்று வால்வு வெளிநாட்டில் இருந்து வரும்வரை அந்தக் குளிர்காலம் முழுக்கக் கணப்பு எரியவில்லை. செலவுகூடப் போகட்டும், கேஸ் ஓடுகிற இடத்தில் பொறி பறந்திருக்கிறது, அங்கே கொஞ்சம் கசிவு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும்.

சரி, முதலில் உங்களுடையது நான் சொல்கிற இந்த வகைதானா என்று பாருங்கள். எந்நேரமும் எரிகிற பைலட் இருந்து, வால்வின் மேல் டிஹெச், டிபி, இரண்டும் சேர்ந்த டிஹெச்டிபி என்று ஆங்கில எழுத்துப் போட்ட மூன்று திருகாணி இருந்தால் இதே வகைதான், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இதாகத்தான் இருக்க வேண்டும். பைலட் எரியாமல், ஆன் செய்யும்போது மட்டும் டிக் டிக் என்று பொறி தட்டிப் பற்றினால் அது எலக்ட்ரானிக் வகை, அதற்கு அந்தக் கம்பெனியே சொல்கிற ரிமோட்தான் சரிப்படும், கடையில் கிடைக்கிறதை மாட்டாதீர்கள். குமிழைத் திருப்பித் தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்கிற வகை என்றால் அதில் திருகாணியே இருக்காது, ரிமோட்டும் போட முடியாது.

மாட்டுவது உண்மையிலேயே அரைமணி நேர வேலை. வால்வின் குமிழை ஆஃபுக்குத் திருப்பி, சிலிண்டரையும் மூடிவிட்டு, எல்லாம் ஆறும்வரை காத்திருங்கள். இப்போது அந்தச் சின்ன சுவிட்சில் இருந்து வரும் இரண்டு ஒயரும் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள், ஒன்று டிஹெச், இன்னொன்று டிஹெச்டிபி. அவை இரண்டையும் கழற்றிவிட்டு அதே இடத்தில் ரிசீவரின் இரண்டு ஒயரை மாட்டினால் முடிந்தது. எது எதில் என்ற கவலை வேண்டாம், மாற்றிக் கொடுத்தாலும் வேலை செய்யும். டிபி திருகாணியைக் கழற்றவே கழற்றாதீர்கள், அது தெர்மோபைலின் சொந்த இணைப்பு. பழைய சுவிட்சின் ஒயரைத் தூக்கி எறியாமல் டேப் சுற்றி ஓரமாக வையுங்கள், ரிமோட் என்றைக்காவது கைவிட்டால் உதவும்.

இதில் பலர் கோட்டைவிடுகிற இடம் ஒயர்தான். அரை வோல்ட்டுதான் கையில் இருக்கிறது, அதையும் நீளமான மெல்லிய ஒயரில் விட்டால் பாதி வழியிலேயே செத்துவிடும். சோபா பக்கம் வரட்டும் என்று முப்பது அடி இழுக்காதீர்கள், ரிமோட் ரேடியோ அலையில் பேசுகிறது, டிவி ரிமோட் மாதிரி நேருக்கு நேர் நீட்ட வேண்டியதில்லை, ஹாலுக்குள் எங்கிருந்தும் எடுக்கும். செட்டோடு வந்த ஒயரே போதும். முறுக்கி டேப் சுற்றுகிற ஜாயின்ட் கூடாது, திருகாணிக்கடியில் பளபளவென்று சுரண்டிய செம்பு இறுக்கமாக உட்கார வேண்டும். கொடைக்கானல் பனிமூட்டத்தில் ஒரே மழைக்காலத்தில் முனையெல்லாம் பச்சை பூத்துவிடும். நீங்கள் கேட்டீர்களே, சில நாள் காலையில் ஏன் எரிவதில்லை என்று, நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பச்சையைத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை மணல்தாளால் தேய்த்து மாட்டுங்கள்.

ரிசீவரை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தீ எரிகிற அறைக்கு நேர் கீழே ஒட்டி வைத்தால் செல் ஊதிக் கசியும், பிளாஸ்டிக் இளகும். தரையோடு தரையாக, சூடான தகட்டில் இருந்து தள்ளி, செட்டோடு சூடு தடுக்கும் தகடு கொடுத்திருந்தால் அதையும் மாட்டி வையுங்கள். சூடு அதிகமானால் தானே அணைத்துவிடுகிற ரிசீவர்களும் உண்டு, அப்படி நடந்தால் ரிமோட் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் இடத்தை மாற்றுங்கள். செல் அல்கலைன் வகையாக இருக்கட்டும்.

அப்புறம் ரிசீவரில் ஆன், ரிமோட், ஆஃப் என்று ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும், அதை நடுவில் வைத்து, லேர்ன் என்று எழுதிய சிறு துளையில் குண்டூசியால் அழுத்தி, பீப் சத்தம் வந்ததும் ரிமோட்டில் ஆன் அழுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். செல் தீர்ந்துபோன இரவில் அதே தள்ளு சுவிட்சை ஆனில் தள்ளி எரிய வைக்கலாம், அதையும் வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள்.

பைலட்டை ரிமோட்டால் பற்றவைக்க முடியாது, அதற்கு யாராவது ஒருவர் குனிந்துதான் ஆக வேண்டும். குமிழை பைலட் குறிக்குத் திருப்பி, அமுக்கிப் பிடித்துக்கொண்டே பற்றவைத்து, ஒரு நிமிஷம் விடாமல் அமுக்கியிருந்து, பிறகு விட்டு, ஆன் குறிக்குத் திருப்ப வேண்டும். குமிழ் பைலட்டிலேயே நின்றுவிட்டால் ரிமோட்டை எத்தனை தடவை அழுத்தினாலும் தீ வராது, எனக்கு வருகிற போன்களில் பாதி இதுதான். பற்றாமல் போனால் உடனே மறுபடி முயலாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், காற்றில் இரண்டு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிஷம் விட்டு, மூக்கைத் தரைப்பக்கம் கொண்டுபோய் மணம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முயற்சி. நாற்றம் இருந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடி வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.

எரியாத காலையில் வால்வா ஒயரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பைலட் எரிந்து குமிழ் ஆனில் இருக்கும்போது, ரிசீவரை விட்டுவிட்டு, ஒரு சிறு ஒயர்த்துண்டால் டிஹெச், டிஹெச்டிபி இரண்டையும் தொட்டுப் பாருங்கள், அரை வோல்ட்டுதான், ஷாக் அடிக்காது. முகத்தைக் கணப்பின் கண்ணாடிக்கு நேரே வைக்காமல் ஒதுங்கி இருந்து செய்யுங்கள். உடனே குபீரென்று தீ வந்தால் வால்வும் பைலட்டும் நலம், கோளாறு ரிசீவரில் அல்லது ஒயரில். வராவிட்டால் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து டிபி, டிஹெச்டிபி இடையே பாருங்கள், 350க்குக் கீழே காட்டினால் பைலட் தீ குச்சியைச் சரியாகத் தழுவவில்லை, அல்லது தெர்மோபைல் தேய்ந்துவிட்டது. மீட்டர் டவுன்ஹால் ரோட்டிலேயே கிடைக்கும், மலைக்குப் போகும்போது எடுத்துப் போங்கள்.

காலையில் எரியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அமெரிக்கக் கணப்புகளில் பல குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்குச் செய்தவை, அவற்றில் கேஸ் பீறிட்டு வருகிற ஜெட் துளை பெரிது, எல்பிஜிக்கு மாற்றாமல் சிலிண்டரை மாட்டினால் தீ மஞ்சளாக எழும்பிக் கரி கக்கும். அந்த மாற்றம் நடந்திருக்கிறதா என்று வால்வில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். அங்கே 7000 அடி உயரத்தில் காற்றும் மெல்லியது, கீழே சரியாக எரிந்த ஜெட் அங்கே காற்றுப் போதாமல் திணறும், அதனால் உயரத்துக்கேற்பச் சிறிய ஜெட் போடுவார்கள். நம் சிலிண்டரில் புரொப்பேனோடு பியூட்டேனும் கலந்திருக்கிறது, பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி பக்கத்தில் ஆவியாகவே மறுக்கும். மார்கழி விடியலில் முக்கால் காலியான சிலிண்டர் வெளியே குளிரில் நின்றால் அழுத்தம் விழும், பைலட் சுருங்கும், தெர்மோபைல் சூடாகாது. அதற்காக சிலிண்டரை வெந்நீரில் வைப்பதோ வீட்டுக்குள் கணப்புப் பக்கம் நகர்த்துவதோ வேண்டவே வேண்டாம், நிறைந்த சிலிண்டரை மாற்றினாலே போதும்.

செலவுக் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். 30,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) எழுதிய கணப்பு முழுத் தீயில் மணிக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், 14.2 கிலோ சிலிண்டர் இருபது மணி நேரம். பைலட் மட்டும் எரிந்தாலே நாளைக்கு அரை கிலோ வரை போகும். மதுரைக்கு இறங்கும்போது தள்ளு சுவிட்ச் ஆஃப், குமிழ் ஆஃப், சிலிண்டர் மூடி, மூன்றும்.

கடைசியாக அப்பாவைப் பற்றி. ரிமோட் வந்தால் படுக்கையில் இருந்தே அழுத்தலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யக்கூடாது என்று அவரிடம் இப்போதே சொல்லுங்கள், தீ கண்ணில் படுகிற நாற்காலியில் இருந்துதான் ஆன் செய்ய வேண்டும், யாரோ துணியைக் காயப்போட்டிருக்கலாம், பேரன் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். பேரப்பிள்ளைகள் வந்தால் ரிமோட்டில் இருக்கும் சைல்ட் லாக்கைப் போடுங்கள், இல்லாவிட்டால் ரிசீவரை ஆஃபில் தள்ளிவிடுங்கள். எரிய விட்டுத் தூங்கவும் கூடாது. அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி கொடைக்கானலில் இருந்து வந்திருக்கிறது. கேஸ் தீயும் புகை வெளியேறாவிட்டால் அதே கார்பன் மோனாக்சைடைத்தான் தரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. ஹாலில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், அப்பா படுக்கிற அறையில் ஓர் அலாரம், ரிமோட் மாட்டுவதற்கு முன்பே இவை இரண்டும் மாட்டப்பட வேண்டும். புகைக்குழாயின் வெளி வாயைப் பறவைக் கூடு அடைத்திருக்கிறதா என்றும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை மேலே போகும்போது வால்வின் சீட்டையும் பைலட் எரிவதையும் படம் எடுத்து அனுப்புங்கள். தீ நீலமாகக் குச்சியைச் சுற்றி நிற்கிறதா, நுனி மஞ்சளாகி ஆடுகிறதா என்று தெரிந்தால் ஜெட் மாற்ற வேண்டுமா என்பதைச் சொல்லிவிடுவேன், அதுவரை ரிமோட்டை டப்பாவிலேயே வைத்திருங்கள்.