நண்பர்களோடு அமங் அஸ் ஆடும்போது பயமும் சந்தேகமும் நிலைக்க என்ன செய்யலாம்?

அமங் அஸ் ஆட்டத்தில் க்ரூமேட்டுகள் டாஸ்க் எனும் சிறு வேலைகளை முடிக்க வேண்டும், அவர்களுக்குள் ஒளிந்திருக்கும் இம்போஸ்டர் அவர்களைக் கொல்வார். உடல் கிடைத்தாலோ அவசர பொத்தானை அழுத்தினாலோ மீட்டிங் கூடி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றலாம். ஏழெட்டுப் பேர் கூடி ஆடுகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது, மீட்டிங்கில் கூச்சல்தான் மிஞ்சுகிறது, திகிலே இல்லை. ஆட்டம் பெரும்பாலும் லாபியில், அமைப்புகளை மாற்றும் இடத்தில்தான் கெடுகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் இம்போஸ்டர் எண்ணிக்கை. எட்டுப் பேரில் இரண்டு இம்போஸ்டர் வைத்தால் க்ரூமேட் ஆறு பேர். முதல் மீட்டிங்குக்கு முன் இருவரும் ஆளுக்கொரு கொலை செய்தால் நான்கு பேர் மிஞ்சுவார்கள். அந்த மீட்டிங்கில் தவறான ஆளை வெளியேற்றினால் மூன்று. இன்னும் ஒரே கொலையில் இரண்டுக்கு இரண்டு ஆகிவிடும். எண்ணிக்கை சமமானால் இம்போஸ்டருக்கு வெற்றி. அதாவது ஒரு தவறான ஓட்டிலேயே கதை முடிந்தது. அதே எட்டுப் பேரில் ஒரு இம்போஸ்டர் மட்டும் இருந்தால், மீட்டிங்குக்கு ஒரு கொலை என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது தவறான ஓட்டில்தான் தோற்பீர்கள். சந்தேகம் ஊற நேரம் கிடைக்கும். ஆகவே எட்டுப் பேர் வரை ஒன்று, ஒன்பது பத்துப் பேருக்கு இரண்டு. 2021 ஜூனிலிருந்து ஒரு அறையில் 15 பேர் வரை ஆடலாம். மூன்று இம்போஸ்டரை அந்த அளவு கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பார்வை. திகிலுக்கு இதுதான் உயிர். க்ரூமேட் பார்வையை 0.75 ஆகக் குறையுங்கள், இம்போஸ்டருக்கு 1.25 அல்லது 1.5 போதும். க்ரூமேட்டுக்கு 1.5 வைத்தால் ஒரு அறைக்குள் நுழைந்ததுமே மூலை முடுக்கெல்லாம் தெரிந்துவிடும், அங்கே பயப்பட எதுவும் இருக்காது. 0.5க்குக் கீழே போனால் யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள், மீட்டிங்கில் பேசப் பொருளே இருக்காது. லைட்ஸ் சபோட்டாஜ், அதாவது இம்போஸ்டர் விளக்கை அணைக்கும் சதி, க்ரூமேட் பார்வையை மேலும் சுருக்கும், இம்போஸ்டரைத் தொடாது. அதனால் இந்த எண்ணை நிதானமாக முடிவு செய்யுங்கள்.

நடக்கும் வேகம் 1 அல்லது 1.25. கொலைத் தூரம் குறுகியது. கொலைக்கான காத்திருப்பு நேரத்தை எட்டுப் பேருக்குள் 30 முதல் 35 விநாடி, பத்துப் பேருக்கு 25 முதல் 30 விநாடி என்று வையுங்கள். 15, 20 என்று இறக்கினால் பேச்சுக்கே இடமில்லாமல் போகும். அவசர பொத்தான் ஆளுக்கு ஒன்று. விவாத நேரம் 15 விநாடி, ஓட்டு நேரம் 90 முதல் 120 விநாடி.

டாஸ்க் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மெட்பே அறையில் செய்யும் ஸ்கேன், குப்பை வெளியேற்றுவது போன்ற, மற்றவர் கண்ணுக்குத் தெரியும் டாஸ்க்குகளின் காட்சியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஸ்கேன் செய்த ஆள் நிரபராதி என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். ஊகத்துக்கே வேலை இல்லை. டாஸ்க் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையையும் மீட்டிங்கில் மட்டும் நகரும்படி வையுங்கள். எப்போதும் நகர்ந்தால், பக்கத்தில் நிற்பவர் டாஸ்க் முடித்த நொடியில் பட்டை ஏறியதா என்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். எண்ணிக்கை: பொது ஒன்று, நீளமானது ஒன்று, குறுகியது இரண்டு அல்லது மூன்று. இறந்தவர்களின் டாஸ்க்கும் கணக்கில் சேரும் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஆவியானதும் கைபேசியைக் கீழே வைத்துவிடுபவரால் க்ரூமேட்டுகளின் டாஸ்க் வெற்றியே தடைபடும்.

வெளியேற்றப்பட்டவர் இம்போஸ்டரா இல்லையா என்று காட்டும் அறிவிப்பைப் புதியவர்கள் இருக்கும்வரை விட்டுவையுங்கள். பழகியபின் அணையுங்கள், சந்தேகம் இரட்டிப்பாகும். ரகசிய ஓட்டு வேண்டாம் என்பதே என் கருத்து. யார் யாருக்கு எப்போது ஓட்டுப் போட்டார் என்பது இந்த ஆட்டத்தில் கிடைக்கும் அரிய சாட்சிகளில் ஒன்று. கூட்டாளி மாட்டிக்கொண்டதும் கடைசி நொடியில் கூட்டத்தோடு சேர்ந்து ஓட்டுப் போடும் இம்போஸ்டரை அதை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

குரல் உரையாடலுக்கு டிஸ்கார்ட் போன்ற ஒன்று இருந்தால் போதும். விதி கறாராக இருக்கட்டும்: டாஸ்க் நேரத்தில் எல்லோரும் மைக்கை அணைத்திருக்க வேண்டும், மீட்டிங்கில் உயிரோடிருப்பவர் மட்டும் பேச வேண்டும், இறந்தவர் ஆட்டம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது. கொலை விழும் நொடியில் வரும் ஒரு ‘ஐயோ’ போதும், நேரமும் ஆளும் தெரிந்துவிடும். ஒரே அறையில் உட்கார்ந்து ஆடினால் முதுகு சுவரைப் பார்க்கும்படி உட்காருங்கள், காதில் ஹெட்போன் இருக்கட்டும். திரையில் கொலைக்காட்சி ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால் எந்த அமைப்பாலும் பயனில்லை.

மீட்டிங் கூச்சலாகக் காரணம், எல்லோரும் முதலில் குற்றம் சாட்டுவது. வரிசையை மாற்றுங்கள். உடலைக் கண்டவர் இடத்தை மட்டும் சொல்லட்டும். பிறகு ஒவ்வொருவரும் கடைசியாக எங்கே இருந்தார், யாரைப் பார்த்தார் என்று ஒரு வரியில் சொல்லட்டும். எல்லோரும் சொன்ன பிறகே குற்றச்சாட்டு. பச்சை நிற ஆட்டக்காரர் எலக்ட்ரிகல் அறையிலிருந்து வெளியே வந்ததை நீங்கள் பார்த்திருந்தால் அதை உடனே கொட்டிவிடாதீர்கள். “பச்சை, நீ எங்கே இருந்தே?” என்று முதலில் கேளுங்கள். நேவிகேஷன் என்று பதில் வந்தால் பொய் கையும் களவுமாக அகப்பட்டது. நீங்கள் முந்திக்கொண்டால் “ஆமாம், அங்கே ஒயர் டாஸ்க் இருந்தது” என்று பச்சை எளிதில் நழுவிவிடும்.

ஸ்கெல்ட் வரைபடத்தில் ஆடினால் வென்ட் (இம்போஸ்டர் புகுந்து செல்லும் காற்றுக்குழாய்) இணைப்புகள் மனப்பாடமாக இருக்கட்டும். மெட்பே, எலக்ட்ரிகல், செக்யூரிட்டி மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவை. எலக்ட்ரிகலில் உடல் கிடக்கும்போது “நான் மெட்பேயில்தான் இருந்தேன்” என்பது நல்ல சாட்சி இல்லை. எந்த அறையில் எத்தனை பேர் என்று காட்டும் அட்மின் மேசையில் உடல்களும் ஆளாகவே தெரியும். நெடுநேரம் ஒரே அறையில் அசையாத புள்ளி இருந்தால் போய்ப் பாருங்கள், தனியாக வேண்டாம். கேமராவை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அதில் சிவப்பு விளக்கு மின்னும், இம்போஸ்டரும் அதைக் கவனிப்பார்.

“இவர் என்னோடேயே இருந்தார், என்னைக் கொல்லவில்லை, அதனால் நல்லவர்.” அதிகம் பேரைத் தோற்கடிக்கும் வாதம் இதுதான். காத்திருப்பு நேரம் முடியாமல் இருந்திருக்கலாம், பக்கத்தில் மூன்றாவது ஆள் இருந்திருக்கலாம், தனக்குச் சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும் என்றே உங்களை விட்டுவைத்திருக்கலாம். அவர் உங்கள் கண்முன் இருந்த நேரத்திலேயே கொலை நடந்தது உறுதி என்றால் மட்டும் அது செல்லும். அதுவும் ஒரே இம்போஸ்டர் ஆட்டத்தில்தான் முழுதாகச் செல்லும்.

எப்போது ஓட்டைத் தவிர்ப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே இம்போஸ்டர், நான்கு பேர் மிச்சம், ஆதாரம் எதுவும் இல்லை என்றால் தவிர்த்துவிடுங்கள். தவறாகப் போட்டால் இருவருக்கு ஒருவர் ஆகி, அடுத்த கொலையோடு ஆட்டம் போய்விடும். தவிர்த்தால் இன்னொரு கொலைக்குப் பிறகும் மூன்று பேராக உட்கார்ந்து பேச ஒரு வாய்ப்பு இருக்கிறது, சந்தேகிக்கவும் இரண்டே பேர்தான். ஆனால் அந்த மீட்டிங் தானாக வராது. உடல் கண்ணில் பட வேண்டும் அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். சபோட்டாஜ் நடக்கும்போது பொத்தான் வேலை செய்யாது, நல்ல இம்போஸ்டர் அதை நம்பித்தான் லைட்ஸை அணைப்பார். ஆகவே அந்தக் கட்டத்தில் பொத்தான் மிச்சமுள்ள ஒருவராவது, பொத்தான் இருக்கும் கேஃபடீரியா பக்கமே இருக்க வேண்டும். மூன்று பேர் ஆனதும் தவிர்க்கவே கூடாது. இரண்டு இம்போஸ்டர் இருக்கும் ஆட்டத்தில் அந்த எல்லை ஐந்து பேர்.

நண்பர்களுக்குள் ஆடுவதால் வரும் சிக்கல்கள் தனி. “சத்தியமா நான் இல்லை” என்பதை முதல் நாளே தடை செய்யுங்கள். சத்தியத்தை நம்பினால் ஆட்டம் செத்துவிடும், நம்பாவிட்டால் மனம் புண்படும். போன சுற்றில் ஏமாற்றியவரை இந்தச் சுற்றில் பழிவாங்கும் ஓட்டும் வேண்டாம். ஒரே ஆளை அடுத்தடுத்த சுற்றுகளில் முதலில் கொல்லாதீர்கள் என்று இம்போஸ்டர்களிடம் பொதுவாகச் சொல்லிவையுங்கள். முதல் நிமிடத்திலேயே இறந்து பத்து நிமிடம் சும்மா இருப்பவர்தான் இரவு முடியுமுன் கிளம்பிவிடுகிறார். ஒருவர் குரல் எப்போதும் மேலோங்கினால், எல்லோரும் ஒரு முறை பேசும்வரை அவர் இரண்டாம் முறை பேசக்கூடாது என்று வையுங்கள்.

சயின்டிஸ்ட், இன்ஜினியர், ஷேப்ஷிஃப்டர் முதலிய சிறப்புப் பாத்திரங்கள் 2021 நவம்பரில் வந்தவை. உங்கள் கூட்டம் அடிப்படை ஆட்டத்தில் தேறும்வரை அவற்றைச் சேர்க்காதீர்கள். மற்றவர் உருவம் எடுக்கும் ஷேப்ஷிஃப்டர் இருந்தால் கண்ணால் கண்ட சாட்சியும் செல்லாது. சாட்சியை எடைபோடப் பழகாத குழுவில் அது வெறும் குழப்பமாகவே முடியும். ஏர்ஷிப், ஃபங்கிள் இரண்டும் பெரிய வரைபடங்கள். எட்டுப் பேர் அதில் சிதறிப்போவார்கள். ஸ்கெல்ட் போதும், சலித்தால் போலஸ்.

சந்தேகத்தை விடத் துரத்தலும் நெஞ்சு படபடப்பும்தான் வேண்டும் என்றால் 2022 டிசம்பரில் சேர்ந்த கண்ணாமூச்சி முறையைப் போடுங்கள். அதில் இம்போஸ்டர் யார் என்பது தொடக்கத்திலேயே தெரியும், மீட்டிங் கிடையாது, ஓட்டு கிடையாது. அவர் நெருங்க நெருங்க இசை இறுகும், நேரம் தீரும்வரை ஒளிந்து பிழைக்க வேண்டும். ஊகத்துக்கு இடமில்லாததால் இரவு முழுக்க அதையே ஆட முடியாது. மீட்டிங்கில் குரல் உயர்ந்து மனம் கசக்கத் தொடங்கும் சமயத்தில் நடுவே ஒன்றிரண்டு சுற்று போட அது மிக நன்றாக உதவும்.